வேஸ்ட் போல்டர் நீங்கலாக

ஸ்டுடியோவில் முதலாளி இருந்தார். பேக்டரி குவார்ட்டர்ஸிலிருந்து வந்த அம்மா ஒருவர். அவர் மகள், ஐ.டி.யில் வேலை. கம்ப்யூட்டர் முன்னால் நான்.

மகளின் கல்யாணத்தைப் படம் எடுத்தது எங்கள் ஆவடி ஸ்டுடியோதான். ஆல்பம் கொடுத்து ஒரு வருஷம் இருக்கும். இப்போது அவள் அப்பா இல்லை. சுவரில் மாட்ட அவர் படம் கேட்டு வந்திருந்தார்கள்.

"ஆதார்ல இருக்கிறது அவர் மூஞ்சியே இல்ல தம்பி," என்றார் அம்மா.

"கவலப்படாதீங்கம்மா. எல்லாத்தையும் கட்டி வச்சிகினு கீறான். நம்ம ஆளு ஒண்ணத்தையும் தூக்கிப் போட மாட்டான்," என்றார் முதலாளி.

கட்டுவது என்றால், ஆல்பம் போனதும் படங்களைச் சுருக்கி ஒரே பைலாக்கி பேக்கப் டிஸ்கில் வைப்பது. பிறகு கம்ப்யூட்டரில் இருப்பதை அழித்துவிடுவேன். கறுப்புத் திரையில் ஒரே வரி. அதையும் புதிதாக அடிப்பதில்லை. மேல் அம்புக்குறியைத் தட்டினால் பழைய வரி வரும். தேதியை மட்டும் மாற்றுவேன்.

அந்தக் கல்யாணப் பைலை அவிழ்த்தேன். பைல் பெயர்கள் ஓடி நின்றன. எல்லாம் மேடைப் படம். மேலோட்டமாகப் பார்த்ததில் அப்பாவைக் காணோம்.

"மேடைக்கு வாங்கன்னா, இலை காலியா இருக்குன்னு பரிமாறப் போயிடுவார்," என்றார் அம்மா.

"பந்தியில நிறைய எடுத்தாங்களே அண்ணா," என்றாள் மகள்.

எடுத்தோம். பொறுக்கினது நான். கண் மூடினது, வாயில் சோறோடு இருந்தது, அவர் சாம்பார் வாளியோடு திரும்பி நின்றது. அதையெல்லாம் வேஸ்ட் என்று ஒரு போல்டரில் தள்ளுவேன். அந்தப் போல்டர் வேண்டாம் என்பதும் கட்டும் வரியிலேயே இருக்கும்.

"கட்டின வரியைக் காட்டுங்க," என்றாள் மகள்.

அம்புக்குறியைத் தட்டினேன். படித்தாள். அவளுக்குத் தெரிந்த வரிதான். போல்டர் பெயரில் கண் நின்றது.

"டிஸ்க்ல இடம் பத்தலையாம், அம்மா," என்றாள் அம்மாவிடம்.

இடம் இருந்தது.

மேடைப் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிசாக்கினேன். கூட்டத்துக்குப் பின்னால் தேடினேன்.

"அந்த ஓரத்துல வாளி தெரியுது பாருங்க. அது அவர் கைதான்," என்றார் அம்மா. கையை எப்படி மாட்டுவது? அடுத்ததற்குப் போனேன்.

கடைசிப் படமும் முடிந்தது.

"எத்தினில அவரு மூஞ்சி தெரியுதுபா?" என்றார் முதலாளி.

இரண்டில்.