பாரிஸ் மெட்ரோவில் தொலைந்தது யார்

திருச்சி தில்லைநகரில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் இருபத்தோரு வருடம் வேலை பார்த்து, போன வருடம் ஓய்வு பெற்றேன். அதில் கடைசி ஒன்பது வருடம் பிரீஃபிங் என்னுடையது. ஐரோப்பா டூர் போகிறவர்களை முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஏசி ஹாலில் உட்காரவைத்து, பாரிஸில் எப்படி நடந்துகொள்வது என்று ஒரு மணி நேரம் பேசுவேன். பாஸ்போர்ட்டை எங்கே வைப்பது, மெட்ரோவில் எப்படி ஏறுவது, எல்லாம் வரும். "பிரெஞ்சுக்காரங்க கொஞ்சம் திமிராத்தான் பேசுவாங்க, கண்டுக்காதீங்க" என்பதும் வரும். நான் அதுவரை எந்த வெளிநாட்டுக்கும் போனதில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஓய்வு பெறச் சில மாதம் இருந்தபோது, டூர் மேனேஜராகப் போக வேண்டியவர் பைக்கிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். விசாவுக்கு இன்னும் நாள் இருந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஒன்பது வருஷமா பாரிஸைப் பத்திப் பேசுறீங்க கோமதி, நீங்களே போயிட்டு வந்துடுங்க" என்றார். பயமாக இருக்கிறது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சரியென்றேன்.

குழுவில் பதினாலு பேர். அதில் இரண்டு பேரைப் பற்றி மட்டும் சொன்னால் போதும். ஒருவர் ஜமால் பாய், டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். துபாயில் இருக்கும் மகன் அனுப்பிவைத்திருந்தான். இன்னொருவர் ஸ்ரீரங்கம் ருக்மிணி மாமி. அறுபத்தெட்டு வயது. தனியாக வந்திருந்தார். ஆங்கிலம் வராது. காலையும் மாலையும் பிரஷர் மாத்திரை போட வேண்டும்.

பாரிஸில் இரண்டாம் நாள் காலை, ஹோட்டல் பக்கத்து ஸ்டேஷனிலிருந்து ஈஃபில் கோபுரம் பார்க்க மெட்ரோவில் கிளம்பினோம். வண்டி வந்ததும், வழிகாட்டி முன்னால் போக வேண்டும் என்று நானே முதலில் ஏறினேன். எல்லாரும் ஏறிக்கொண்டிருந்தபோது ஹாரன் அடித்தது. கதவு மூடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைப்பையோடு மாமி நின்றார்.

அடுத்த ஸ்டேஷனில் எல்லாரையும் இறக்கினேன். பாய் என்னிடம், "மேடம், கொஞ்சம் பொறுங்க. அவங்க அடுத்த வண்டியில வந்துடுவாங்க" என்றார். அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு எதிர்ப் பக்க வண்டியைப் பிடித்துத் திரும்பிப் போனேன்.

மாமி அங்கே இல்லை. பிளாட்பாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடிப் பார்த்தேன். மாத்திரை போட்டாரா என்றுகூடக் கேட்காமல் கூட்டி வந்திருந்தேன். மாமியின் மகளுக்கு என்ன பதில் சொல்வது? குழுவுக்கு ஒரு போன் போடலாமென்றால், "எங்கிட்ட லோக்கல் சிம் இருக்கு, உங்களுக்கு எதுக்கு வீண் செலவு" என்று எல்லாரையும் தடுத்ததே நான்தான். என் போனில் கூப்பிட ஒரு நம்பரும் இல்லை.

பதற்றத்தில் ஒரு படியில் ஏறி இன்னொரு படியில் இறங்கி, வந்த வண்டியில் ஏறினேன். லைன் நம்பர் சரியாகத்தான் இருந்தது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கினால் ஒருவரும் இல்லை. இப்போது பதினாலு பேரும் தொலைந்துவிட்டார்கள். அவர்களை விட்டுவந்த ஸ்டேஷனின் பெயரையும் நான் பார்த்துவைக்கவில்லை.

மேலே ஓடி, கவுண்டரில் இருந்தவரிடம் ஆங்கிலத்தில் படபடவென்று பேசினேன். அவர் நிதானமாக "போன்ஷூர்" என்றார். நான் மறுபடி ஆரம்பித்தேன். அவரும் மறுபடி "போன்ஷூர்" என்றார். கேலி செய்கிறார் என்று அழுகை வந்தது. மூன்றாவது முறைதான் புரிந்தது, வணக்கம் சொல்லாமலேயே ஒருவரை வேலை வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்று. "போன்ஷூர்" என்றேன். அவர் முகம் மாறியது. ஹோட்டல் கார்டை வாங்கிப் பார்த்து, ஈஃபில் கோபுரத்துக்குக் கிளம்பினோம் என்றதும் மேப்பை விரித்து, நான் நேர் எதிர்த் திசையில் வந்திருப்பதைக் காட்டினார். போக வேண்டிய திசையின் கடைசி ஸ்டேஷன் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்த ஒன்பது வருடத்தில் நான் திமிர் பிடித்தவர்கள் என்று சொன்ன ஜனங்களில் ஒருவர் அவர்.

நான் போய்ச் சேர்ந்தபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. பதினாலு பேரும் பெஞ்சிலும் தரையிலுமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ருக்மிணி மாமி ஒரு டப்பாவிலிருந்து எல்லாருக்கும் தட்டை கொடுத்துக்கொண்டிருந்தார்.

"எங்கேடிம்மா போயிட்டே? நாங்கள்லாம் கவலைப்பட்டுண்டு இருக்கோம்" என்றார். அவர் எங்கள் வண்டி போன கையோடு, அதே பிளாட்பாரத்தில் வந்த அடுத்த வண்டியில் ஏறி, அடுத்த ஸ்டேஷனில் குழுவைக் கண்டதும் இறங்கிவிட்டார். இறங்கியதும் மாத்திரையும் போட்டாகிவிட்டது.

நான் எப்படித் தவறினேன் என்று கேட்டு, ஜமால் பாய் சிரிக்காமல் விளக்கினார். "சத்திரம் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து லால்குடி போற பஸ்ஸுக்கும் லால்குடியிலேர்ந்து சத்திரம் வர்ற பஸ்ஸுக்கும் ஒரே நம்பர்தான் மேடம். நம்பரைப் பார்த்து ஏறக் கூடாது. கடைசி ஊர் போர்டைப் பார்த்து ஏறணும். இங்கயும் அப்படித்தான் எழுதிப் போட்டிருக்காங்க. நேத்தே பார்த்தேன்."

நேற்று நான் அவர்களுக்கு மெட்ரோ பற்றி அரை மணி நேரம் வகுப்பு எடுத்திருந்தேன்.

முதல் முறை பாரிஸ் போகிறவர்களுக்கு நான் சொல்ல மிச்சமிருப்பது கொஞ்சம்தான். மெட்ரோவில் லைன் நம்பரோடு கடைசி ஸ்டேஷன் பெயரையும் பாருங்கள். பிரிந்தால் யார் நிற்பது, யார் வருவது என்று ஏறும் முன்பே பேசிவையுங்கள். எல்லாரிடமும் பேசக்கூடிய போன் இருக்கட்டும். எதைக் கேட்பதானாலும் முதலில் போன்ஷூர். கூட்டிப் போகிறவர் நீங்கள் என்றால் கடைசியாக ஏறுங்கள்.

திருச்சி வந்ததும் முதலாளி என்னைக் கூப்பிட்டு, பயணிகள் எழுதிக் கொடுத்த கருத்துப் படிவங்களில் ஒன்றை நீட்டினார். டூர் மேனேஜரின் சேவை எப்படி இருந்தது என்ற கேள்விக்குக் கீழே, மாமி குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தார்: "நல்ல பொண்ணு. தனியா அனுப்பப்படாது."

முதலாளி என்ன அர்த்தம் என்று கேட்டார். சரியாகத்தான் எழுதியிருக்கிறார் என்றேன்.