பிந்தி வந்த பிம்பம்

என் ஆராய்ச்சிக்கு வாய்மொழித் தேர்வு நடந்த அன்று காலையில் அம்மாவைப் போனில் கூப்பிட்டு, அப்பாவிடம் கொடு என்றேன். பக்கவாதம் வந்து படுத்த பிறகும், நான் பேசினால் "ம்" கொட்டுவார். அது எனக்குப் போதும். இப்போதுதான் கண்ணசந்தார், எழுப்ப வேண்டாம், நல்லபடியாக முடித்துவிட்டு வா என்றாள் அம்மா. குரலில் ஒரு பிசிறு இல்லை.

கோயமுத்தூரில் நான் படித்த துறையில் அந்தத் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். கடைசி வரிசையில் என் தாய்மாமன் உட்கார்ந்திருந்தார். காங்கேயத்திலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். வானவியலுக்கும் அவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. தேங்காய்ப் பருப்பு விலையைத் தவிர எதையும் காது கொடுத்துக் கேட்காத மனுசன். மத்தியானச் சாப்பாட்டுக்காக வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

என் பிழைப்பு குவாசர்களோடு. எங்கோ வெகு தூரத்தில் இருக்கும் ஒரு கேலக்ஸியின் தகிக்கிற நடுப்பகுதிதான் குவாசர். பிரபஞ்சம் விரிவதால் அதன் ஒளி வருகிற வழியிலேயே இழுபட்டுச் சிவந்துபோகும். அந்தச் சிவப்பை அளந்துதான் தூரத்தைச் சொல்கிறோம். நடுவில் இன்னொரு கேலக்ஸி குறுக்கே இருந்தால், அதன் ஈர்ப்பு ஒளியை வளைத்து ஒரே குவாசரை இரண்டாகக் காட்டும். இரண்டு பிம்பங்களின் ஒளியும் வெவ்வேறு வழியில் வருகின்றன. அதனால் குவாசர் மங்கினால் ஒரு பிம்பம் முதலில் மங்கும், மற்றது சில வாரம் கழித்துத்தான் மங்கும். அந்த இடைவெளியை அளந்ததுதான் என் ஆராய்ச்சி.

முதல் பிம்பம் மங்கிவிட்டால் இரண்டாவதும் மங்கும் என்று அடித்துச் சொல்ல முடியுமா என்று தேர்வாளர் கேட்டார். கட்டாயம் மங்கும், நடந்தது நடந்துவிட்டது, அந்தச் சேதி இரண்டாவது பிம்பத்தில் இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான் என்று மிடுக்காகச் சொன்னேன். கடைசி வரிசையில் மாமா துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். மனுசன் தூங்கிவிட்டார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

எல்லோரும் கைகுலுக்கி முடித்ததும், அப்பாவுக்குக் கொஞ்சம் சோர்வாக இருக்கிறதாம், போகலாம் என்றார் மாமா. சாப்பிடக்கூட விடவில்லை. காரில் நான்தான் வாய் ஓயாமல் பேசினேன். பட்டம் வாங்கும்போது அப்பாவைச் சக்கர நாற்காலியிலாவது கூட்டிப்போக வேண்டும் என்றேன். அவர் ரோட்டையே பார்த்து ஓட்டினார்.

காங்கேயம் வந்ததும் பஸ் ஸ்டாண்டு பக்கம் போகாமல், எண்ணெய் மில்களுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போனார். ஏன் மாமா இந்த வழி என்றதற்கு, அங்கே நெருக்கடி என்றார். எங்கள் தெருமுனைக்குத் திரும்பினோம். இரண்டு பேர் ஃபிளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். கண்ணீர் அஞ்சலி. அப்பாவின் முகம். நானும் அவரும் சேர்ந்து எடுத்த போட்டோ அது. என்னை வெட்டிவிட்டிருந்தார்கள். அவர் தோளில் என் விரல்கள் மட்டும் மிச்சம் இருந்தன.

மாமா ஸ்டியரிங்கில் ஓங்கி அடித்தார். "அம்மணி ஊடு வந்து சேந்தப்புறம் கட்டுங்கன்னுதானே சொல்லிப்போட்டு வந்தேன்" என்று அழுதார்.

அப்பா விடியும் முன்பே போய்விட்டிருந்தார். யாரும் எனக்குப் போன் செய்யக் கூடாது, வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் வைக்கக் கூடாது என்று அம்மா சொந்தபந்தம் அத்தனை பேரிடமும் சொல்லியிருந்தாள். ஊரே வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஃப்ரீசர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்து, ஊருக்கெல்லாம் தெரிய வேண்டும், எனக்கு மட்டும் தெரியக் கூடாதா, நான் அவர் மகளா, மூன்றாம் மனுசியா என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன்.

அம்மா எழுந்திரிக்கவில்லை.

"எனக்கு வெடியறதுக்கு முன்னாலயே போயிட்டாரு கண்ணு. உனக்காச்சும் மத்தியானம் வரைக்கும் இருக்கட்டும்னு உட்டேன்."

அம்மா மேல் அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் அந்த அரை நாளைத் திருப்பிக் கொடு என்று யாராவது கேட்டால் கொடுக்க மாட்டேன்.