முதல் லோடும் சாம்பிராணிப் புகையும்

போன ஆவணி மாதம் நடந்தது. மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் நானும் என் கணவரும் பாக்குமட்டைத் தட்டு செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றை நடத்துகிறோம். முதன்முதலாக வெளிநாட்டு ஆர்டர் கிடைத்து, ஒரு கண்டெய்னர் நிறையத் தட்டுகளைக் கொச்சித் துறைமுகத்துக்கு அனுப்பும் நாள் அது. கல்யாண வீடு தோற்றது போங்கள், அத்தனை அமர்க்களம்! சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் என் தம்பியும் லீவில் வந்திருந்தான்.

எங்கள் பக்கம் புது மெஷினோ முதல் லோடோ, பூஜை போடாமல் ஒன்றும் நகராது. மாமியார் தூபக்காலில் நெருப்புக் கரியைப் போட்டு, சாம்பிராணி தூவி, கண்டெய்னர் வாசலில் ஏறி அட்டைப்பெட்டிகளுக்குப் புகை காட்டினார். அதற்குள் லாரிக்கு முன்னால் பூசணிக்காய் உடைக்கக் கூப்பிட்டார்கள். எல்லோரும் அங்கே ஓடினோம். பின்னால் ஆட்கள் கதவைச் சாத்தி சீல் வைத்துவிட்டார்கள். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்க, லாரி கிளம்பியது. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பூஜைச் சாமான்களைக் கழுவ எடுத்தபோது தூபக்காலைக் காணோம்.

"அத்தை, தூபக்கால் எங்கீங்க?"

"பெட்டிச் சந்துல வெச்சேன் கண்ணு. நீ எடுத்துப்போட்டியின்னு நெனச்சேனே."

பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்த தம்பி தொன்னையை அப்படியே போட்டுவிட்டு பைக்கை எடுத்தான். நான் பின்னால் தொற்றிக்கொண்டேன். கணவர் இன்னொரு வண்டியில் துரத்தி வந்தார். காரமடைக்கு முன்னால் லாரியை மறித்தோம்.

கணவர் சீலைத் தொடவே விடவில்லை. "இதை உடைச்சா சீல் நம்பர் மாறி, பேப்பரெல்லாம் மறுபடி மாத்தோணும் மாப்ளே. கப்பலை உட்டுருவோம். கதவு இறுக்கமா இருக்குது, நெருப்பு தானா அணைஞ்சிரும்."

எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. இந்த ஆர்டருக்காக எவ்வளவு அலைந்திருப்போம்!

தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. "அணையலீன்னா? கப்பல்ல இது மேல வரிசையா கண்டெய்னர் அடுக்கியிருப்பாங்க மச்சான். அடியில புகைஞ்சா கிட்டப் போகவே முடியாது. நடுக்கடல்ல நாங்க எங்க மச்சான் ஓடறது?"

கணவர் பக்கத்துப் பட்டறைக்குப் போய் கட்டர் வாங்கி வந்து, அவரே சீலை வெட்டினார்.

கதவு திறந்ததும் புகை முகத்தில் அடித்தது. லாரி குலுங்கியதில் தூபக்கால் சாய்ந்து, கரி ஓர் அட்டைப்பெட்டியைத் தின்றுகொண்டிருந்தது. காற்றுப் பட்டதுதான் தாமதம், பெட்டியில் விழுந்திருந்த ஓட்டையின் ஓரம் சிவந்து குப்பென்று பற்றியது. டிரைவர் தண்ணீர் கேனை அப்படியே கவிழ்த்தார். நனைந்த பெட்டியை இழுத்துப் பிரித்தால், உள்ளே தட்டுகள் பாதிக்குமேல் கரிக்கட்டை. நான் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். என் தம்பி போகும் கப்பலிலேயே இது ஏறியிருந்தால்?

அந்தக் கப்பல் போய்விட்டது. முணுமுணுத்துக்கொண்டே ஆர்டர்காரர்கள் அடுத்த கப்பலுக்குச் சம்மதித்தார்கள். இப்போதும் பூஜை போடுகிறோம். கதவைச் சாத்திய பிறகு, வெளியே நின்று. சாத்துவதற்கு முன்னால் மாமியாரே எல்லோரையும் முந்திக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வருகிறார்.

ஆனாலும் ஒவ்வொரு கண்டெய்னர் கிளம்பும்போதும், முகம் தெரியாத யார் வீட்டுப் பிள்ளைகளோ நம்மை நம்பித்தான் கப்பலில் அதன் பக்கத்தில் படுத்துத் தூங்கப் போகிறார்கள் என்று நினைத்து, சாத்திய கதவை ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன்.