நிலாவுக்குப் போனவரின் வாட்ச்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை கிடையாது. ஜின் இருக்கிறது என்பது மார்க்கத்தில் உள்ளது, அதை மறுக்கவில்லை. ஆனால் அது வேலைவெட்டி இல்லாமல் காரைக்காலில் என் வீட்டு அடுப்படிக்கு வந்து பாத்திரம் உருட்டுகிறது என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுவேன். இதைக் கேட்டுவிட்டு நீங்களும் என்னை அப்படித்தான் பார்ப்பீர்கள், பரவாயில்லை.

என் வீட்டுக்காரர் துபாயில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வீட்டில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தார். சமையல், கார், கடைசியில் கிழவரைக் குளிப்பாட்டுவது வரை எல்லாம் இவர்தான். பழைய சாமான்களை ஏலத்தில் எடுத்துச் சேர்ப்பதில் கிழவருக்குப் பைத்தியம். தன் நாட்டுக்கே திரும்பிப் போகும்போது ஒரு தங்க வாட்ச்சை இவர் கையில் கட்டிவிட்டுப் போனார். நம்பினால் நம்புங்கள், நிலாவுக்குப் போய்வந்த ஒருவருக்கு அந்தப் பயணத்தின் ஞாபகமாக விருந்து வைத்துக் கொடுத்த வாட்ச் அது. பின்பக்கம் நிலாவுக்குப் போனவர் பெயர் வெட்டியிருக்கிறது, நானே பார்த்திருக்கிறேன்.

"கூடப் போன ரெண்டு பேரும் நிலாவுல எறங்கி நடந்தாங்களாம் புள்ள. இவரு மட்டும் வண்டியப் பாத்துக்கிட்டு மேலயே சுத்துனாராம். நிலாவுக்கு அந்தப் பக்கம் போயிட்டா முக்கா மணி நேரம் யாரு கூடவும் பேச முடியாதாம்" என்று போனில் சொன்னார்.

"நீங்க இருவத்திரெண்டு வருஷமா அந்தப் பக்கந்தான் மச்சான் இருக்கீங்க. மொதலாளியே போயாச்சு. விசாவ கேன்சல் பண்ணிட்டு வந்து சேருங்க" என்றேன்.

இன்னொரு வீட்டில் ரெண்டு வருஷம் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டு எனக்கு அலுத்துப்போயிருந்தது. சண்டை போட்டுப் போனை வைத்தேன். மறுநாள் மத்தியானம் கூப்பிட்டார், வேண்டுமென்றே எடுக்கவில்லை. கொஞ்சம் தவிக்கட்டும் என்று இருந்துவிட்டு நானே கூப்பிட்டேன், அவர் எடுக்கவில்லை. ராத்திரி வேறு யாரோ பேசினார்கள். நெஞ்சுவலி, அறையில் தனியாக இருந்திருக்கிறார், மவுத்தாகிவிட்டார் என்றார்கள். அங்கேயே அடக்கம் செய்தார்கள். முகம்கூடப் பார்க்கவில்லை நான்.

புருஷன் போனால் இருக்க வேண்டிய இத்தா என்று நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருந்தபோதுதான் அவருடைய சாமான்கள் ஓர் அட்டைப்பெட்டியில் வந்தன. வாட்ச் ஒரு சாக்ஸுக்குள் இருந்தது. சாவி கொடுத்தேன், ஓடியது. தினமும் காலையில் சாவி கொடுப்பது வழக்கமாகிவிட்டது, அந்த வீட்டில் என்னைத் தவிர அசைகிற பொருள் அது ஒன்றுதான். அப்போதுதான் கவனித்தேன், மத்தியானம் லுஹர் தொழுது முடித்துக் கொஞ்ச நேரத்தில் அதன் சத்தம் நின்றுவிடும். முக்கால் மணி நேரம் போல முள் அசையாது, பிறகு தானாகவே ஓடும். அதுகூடப் பரவாயில்லை. திரும்ப ஓடும்போது நேரம் சரியாக இருக்கும்.

இத்தா முடிந்ததும் கடைத்தெருவில் வாட்ச் ரிப்பேர் பார்க்கிறவரிடம் கொண்டுபோனேன். நாலு நாள் வைத்திருந்தார், அவரிடம் ஒருநாளும் நிற்கவில்லை. "நின்ன வாட்ச்சு விட்ட எடத்துலேர்ந்துதானம்மா ஓடும். நடுவுல உள்ள நேரத்த அது எப்படித் தாண்டும்?" என்று கேட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். தனியாக இருக்கிற பொம்பளை, புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே மறுபடி நின்றது. இரண்டு இருபது. என்ன தோன்றியதோ, போனை எடுத்து, அழிக்காமல் வைத்திருந்த அவருடைய கடைசி அழைப்பைப் பார்த்தேன். அவர் கூப்பிட்டது இரண்டு இருபது. நான் திருப்பிக் கூப்பிட்டது மூன்று ஐந்து.

சத்தியமாகச் சொல்கிறேன், பயத்தைவிட சந்தோஷம்தான் அதிகம். செத்த பிறகாவது மனுஷன் வீடு வந்து சேர்ந்துவிட்டார் என்று நினைத்தேன். வாட்ச்சை மடியில் வைத்துக்கொண்டு, "வந்துட்டீங்களா மச்சான்" என்று கேட்டேன். "அன்னிக்கி வீம்புக்குத்தான் போன எடுக்கல. என்னயப் பொறுத்துக்குங்க. இனிமே எங்கயும் போவாதீங்க" என்று வாய்விட்டு அழுதேன்.

அழுகை அடங்குவதற்குள் வாட்ச் ஓடத் தொடங்கிவிட்டது. மூன்று ஐந்து ஆகக்கூட இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு நாற்பது. வாட்ச்சில் ஒன்று பத்து.

ஒன்றரை மணி நேரம் பின்னால். வீட்டு ஆம்பளையை அங்கே அனுப்பிவிட்டு இருக்கிற எந்தப் பெண்ணும் யோசிக்காமல் சொல்லிவிடுவாள், அது துபாய் நேரம்.

அன்றிலிருந்து வாட்ச் நிற்பதே இல்லை. நம் ஊர் நேரத்துக்கு எத்தனை முறை திருப்பி வைத்தாலும் மறுநாள் காலையில் ஒன்றரை மணி நேரம் பின்னால் போயிருக்கிறது. பேய் வந்த வீடு என்று ஆளாளுக்குக் கதை சொல்கிறார்கள். என் வீட்டுக்கு யாரும் வரவில்லை. அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.