கடிகாரத்தை வெட்டிய ஸ்கிரீன்ஷாட்

1. பிரிண்டர் பக்கத்தில் நின்றது

என் வாழ்க்கையின் முதல் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துவிட்டு நேராகப் பிரிண்டர் பக்கத்தில் போய் நின்றேன். பிரிண்ட் ஸ்கிரீன் என்றுதானே அந்தப் பட்டனுக்குப் பெயர், அமுக்கினால் காகிதம் வரும் என்று நினைத்தேன். ஐந்து நிமிஷம் நின்றும் ஒன்றும் வரவில்லை. பிரிண்டரில் காகிதம் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. திரும்ப வந்து இன்னும் கொஞ்சம் அழுத்தமாக அமுக்கிவிட்டு மறுபடியும் போய் நின்றேன்.

கல்கத்தாவில், பாலிகஞ்சில் ஒரு பெண்கள் பள்ளியின் ஆபீஸில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தேன். டைப்பிஸ்டாகச் சேர்ந்து ஹெட் கிளார்க்காக ரிட்டயர் ஆனேன். ரிட்டயராக மூன்று வருஷம் இருக்கும்போது எங்கள் மேஜைக்கு அந்த லேப்டாப் வந்தது. பரீட்சை போர்டுக்குப் போகும் ஃபாரம் எல்லாம் இனி ஆன்லைன் என்றார்கள். ஆபீஸ் வேலைக்குப் புதிதாக வரும் பெண்கள் யாராவது இதைப் படித்தால் சிரிக்கத்தான் போகிறார்கள். தாராளமாகச் சிரிக்கட்டும்.

எங்கள் தலைமையாசிரியையை எல்லோரும் பொரோதி என்போம். பெரியக்கா என்று அர்த்தம், வங்காளப் பள்ளிகளில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். என்னை அவர் வசந்தா-தி என்பார். லேப்டாப் வந்த அன்று கூப்பிட்டு, போர்டு போர்ட்டலில் ஒவ்வொரு பெண்ணின் ஃபாரத்தையும் அனுப்பியதும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பிரிண்ட் போட்டு, ஃபைலில் குத்த வேண்டும் என்றார். "தெரியும் இல்லையா?" என்று கேட்டார்.

"தெரியும்" என்றேன். என் கஷ்டகாலம் அந்த வார்த்தையில்தான் ஆரம்பித்தது. தெரியும் என்று சொன்னபிறகு யாரிடம் போய்க் கேட்பது?

2. ஒரே பெண் பன்னிரண்டு பேர்

பட்டனை அமுக்கினால் சத்தம் இல்லை, வெளிச்சம் இல்லை, திரை அப்படியே இருக்கும். எடுத்ததா, எடுக்கவில்லையா? எடுத்தது என்றால் எங்கே போயிற்று? நாலு நாள் இதே குழப்பம்தான். ஐந்தாம் நாள் ஒரு கடிதத்தில் எதையோ பேஸ்ட் பண்ணப் போனேன். கடிதத்துக்கு நடுவில் போர்ட்டல் முழுசும் படமாக வந்து உட்கார்ந்தது. பயந்துபோய் லேப்டாப்பையே மூடிவிட்டேன்.

அப்புறம் மெதுவாகப் புரிந்தது. அமுக்கினால் உள்ளே எங்கேயோ வைத்துக்கொள்கிறது, பேஸ்ட் பண்ணினால் வெளியே வருகிறது. அடேயப்பா, இவ்வளவுதானா என்று தெம்பாகப் பன்னிரண்டு பெண்களின் ஃபாரத்தை வரிசையாகத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் ஒருதரம் அமுக்கினேன். கடைசியில் உட்கார்ந்து பன்னிரண்டு முறை பேஸ்ட் பண்ணினேன். பன்னிரண்டும் ஒரே பெண். கடைசியாக எடுத்தது மட்டும்தான் தங்கும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? பொரோதி ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் பெண் மட்டும்தான் நம் பள்ளியில் படிக்கிறாளா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஒன்று அமுக்கு, பெயிண்ட் என்கிற படம் வரையும் புரோகிராமைத் திற, பேஸ்ட் பண்ணு, வேண்டாததை வெட்டு, சேமி. அப்புறம்தான் அடுத்த பெண். அமுக்கும்போது சில சமயம் பக்கத்தில் இருக்கிற விண்டோஸ் பட்டனும் சேர்ந்து அமுங்கிவிடும். அப்போது திரை ஒரு கணம் மங்கித் திரும்ப வெளிச்சமாகும். மெஷின் உயிரை விடப்போகிறது என்று நினைத்துக் கையை எடுத்துவிடுவேன்.

வேண்டாததை வெட்டு என்றேனே, அது பொரோதியின் உத்தரவு. திரையின் மேலே இருக்கும் பட்டைகள், கீழே இருக்கும் குட்டிக் குட்டிப் படங்கள், ஓரத்தில் இருக்கும் மணியும் தேதியும் எல்லாம் அவருக்குக் குப்பை. ஃபாரம் மட்டும் பளிச்சென்று நடுவில் இருக்க வேண்டும், இடது பக்கம் ஒண்ணரை அங்குலம் மார்ஜின் விட வேண்டும். குறைந்தால் திருப்பி அனுப்புவார். எனக்கும் அது பிடிக்கத்தான் செய்தது, பொய் சொல்வானேன். டைப்பிஸ்ட் கை அல்லவா, ஓரம் கோணினால் தூக்கம் வராது. மூன்று வருஷமாக ஒவ்வொரு படத்திலும் கடிகாரத்தைக் கத்தரித்து எறிந்தேன்.

3. மௌமிதாவின் ஃபாரம்

நான் ரிட்டயராக நாலு மாசம் இருந்தது. போர்டு பரீட்சைக்குப் பெயர் பதிகிற கடைசி நாள். எல்லாப் பெண்களின் ஃபாரமும் போய்விட்டது, மௌமிதா என்ற ஒருத்தி மட்டும் பாக்கி. மஞ்சள் காமாலையில் ஒரு மாசம் படுத்திருந்தாள். அவள் அம்மா ஷிப்ரா டாலிகஞ்சில் ஒரு ஸ்டூடியோவில் நடிகர்களின் துணிமணிக்கு இஸ்திரி போடுகிறவள். அப்பா கிடையாது. ஷிப்ரா அன்று மத்தியானம்தான் ஓடிவந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் போர்ட்டல் மூடிவிடும். நாலரைக்கு எல்லாம் நிரப்பிக் கடைசிப் பட்டனை அமுக்கினேன். சக்கரம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் சிவப்பு எழுத்தில் எர்ரர் என்று வந்தது. திரும்பப் போட்டேன், திரும்பவும் அதேதான். இந்தக் கலவரத்தில் எதை இழுத்தேனோ, திரை இரண்டாகப் பிளந்துகொண்டது. இடது பாதியில் போர்ட்டல், வலது பாதியில் வாட்ஸ்அப். ஆசிரியைகள் ஃபைல் அனுப்புவார்கள் என்று வாட்ஸ்அப்பை லேப்டாப்பில் எப்போதும் திறந்து வைத்திருப்பேன். எப்படிப் பிளந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எர்ரரையாவது படம் எடுத்து வைப்போம் என்று அமுக்கினேன். அவசரத்தில் விண்டோஸ் பட்டனும் சேர்ந்து அமுங்கி, திரை மங்கியது. ஐயோ என்று கையை எடுத்துவிட்டு, சரியாக ஒருதரம் அமுக்கி, பெயிண்டில் போட்டேன். வலது பாதியை வெட்டினேன். மேலே வெட்டினேன், கீழே வெட்டினேன். சிவப்பு எழுத்து மட்டும் அழகாக நடுவில் நின்றது. அதைச் சேமித்து முடிப்பதற்குள் மணி ஐந்தாகிவிட்டது.

மறுநாள் காலையில் போர்டு ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டேன். நேரத்துக்குள் முயற்சி செய்ததற்கு ஆதாரம் இருந்தால் மெயில் அனுப்புங்கள் என்றார்கள். இருக்கிறதே என்று பெருமையாக என் அழகான படத்தை அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது. படத்தில் தேதியும் நேரமும் தெரியவில்லை, ஏற்க இயலாது, மூன்று நாளுக்குள் தக்க ஆதாரத்தோடு நேரில் வரவும்.

மூன்று வருஷமாக நான் வெட்டி எறிந்த குப்பையைத்தான் கேட்கிறார்கள்.

ஷிப்ரா வந்தாள். நான் சொன்னதை முழுசாகக் கேட்டுக்கொண்டாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை. "தீதி, பொண்ணு நர்ஸிங் சேரணும்னு இருக்கா. அப்ப ஒரு வருஷம் வீட்டில உட்காரணுமா?" என்று மட்டும் கேட்டாள். ஆபீஸ் வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

4. பிக்சர்ஸ் என்கிற ஃபோல்டர்

வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியுமா என்று பெயிண்டில் ஒரு நாள் முழுக்கப் போராடினேன். முடியாதாம். அடுத்த நாள் அதே படத்தை இன்னொரு தரம் கெஞ்சி அனுப்பலாம் என்று மெயிலில் அட்டாச் பட்டனைத் தட்டினேன். வழக்கமாகத் திறக்கும் இடம் திறக்காமல் பிக்சர்ஸ் என்று ஏதோ திறந்தது. அதற்குள்ளே ஸ்கிரீன்ஷாட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. அதை நான் உண்டாக்கவில்லை. திறந்தால் இருபத்தேழு படம்.

கொஞ்ச நேரம் ஒன்றுமே விளங்கவில்லை. இதெல்லாம் யார் எடுத்தது? என் மேஜையில் யாராவது உட்கார்ந்து விளையாடினார்களா? ஒவ்வொன்றாகத் திறந்து தேதியைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. திரை மங்கிய போதெல்லாம் அந்த மெஷின் உயிரை விடவில்லை, படத்தைத் தானே சேமித்திருக்கிறது. நான்தான் பயந்து கையை எடுத்திருக்கிறேன்.

கடைசிப் படம் அந்தச் சாயங்காலத்தினுடையது. இடது பாதியில் மௌமிதாவின் பெயரும் சிவப்பு எழுத்தும். கீழே மூலையில் தேதி, மணி நாலு ஐம்பத்திரண்டு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம் வலது பாதியைப் பார்த்தேன், வந்த அழுகை நின்றுவிட்டது.

அங்கே லேக் மார்க்கெட்டில் இருக்கும் என் தங்கை சரோஜாவோடு நான் மத்தியானம் போனில் அடித்த அரட்டை அப்படியே இருந்தது. போனில் எழுதுவது லேப்டாப்பிலும் தெரியும் என்று எனக்குத் தெரியும். படத்திலும் ஏறும் என்று தோன்றவே இல்லை. சரோஜா, "அக்கா, அவியலுக்குச் சேனை வாங்கவா?" என்று கேட்டிருந்தாள். அதற்கு நான் எழுதியிருந்தது இது: "என்னமோ வாங்கு. பொரோதிக்கு மார்ஜின் பைத்தியம் முத்திப்போச்சு. பொண்ணுங்க பாஸானா என்ன ஃபெயிலானா என்ன, ஓரம் ஒண்ணரை அங்குலம் இருந்தாச் சரி. எனக்கு இந்த லேப்டாப்பும் சுத்தமா விளங்கலை. மூணு வருஷமா தெரிஞ்ச மாதிரி நடிக்கிறேன். யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காதே."

தமிழ்தானே, இங்கே யாருக்குப் படிக்க வரும் என்று தைரியம் சொல்லிக்கொண்டு அப்படியே பிரிண்ட் எடுத்தேன்.

5. தெரியாத பாஷை

போர்டு கவுண்டரில் இருந்தவர் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தேதி இருக்கிறது, மணி இருக்கிறது, நல்லது என்றார். பிறகு வலது பாதியில் விரலை வைத்து, இது என்ன பாஷை என்று கேட்டார். தமிழ் என்றேன். என்ன எழுதியிருக்கிறது என்றார். வீட்டு விஷயம் என்றேன்.

"வீட்டு விஷயம்னு ஃபைல்ல எழுத முடியாதும்மா. தெரியாத பாஷை இருந்தா இங்கிலீஷ்ல அர்த்தம் வேணும். உங்க ஹெட்மிஸ்ட்ரஸ் கையெழுத்து, ஸ்டாம்போட."

அந்தப் பாதியை வெட்டிவிட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். வெட்டினால் அது திருத்திய படம், திருத்திய படம் செல்லாது என்றார். நாளைக்கு மத்தியானம் கவுண்டர் மூடுவதற்குள் கொண்டுவரச் சொன்னார்.

மெட்ரோவில் திரும்பி வரும்போது எனக்கு ஒரே யோசனை. காய்கறி வாங்குவது பற்றிய பேச்சு என்று ஒரு வரி எழுதினால் யாருக்குத் தெரியும்? ஆனால் கல்கத்தாவில் தமிழன் இல்லாத ஆபீஸ் எது? அந்தப் போர்டிலேயே மாடியில் ஒரு சுப்பிரமணியமோ சீனிவாசனோ உட்கார்ந்திருந்தால்? பொய் அர்த்தம் என்று ஃபைலைத் தூக்கி எறிந்தால் போவது மௌமிதாவின் வருஷம். கையெழுத்துப் போட்ட பொரோதிக்கும் தலைக்குனிவு. ஆபீஸுக்குள் நுழையும்போது ஷிப்ரா அதே பெஞ்சில் இருந்தாள். ஸ்டூடியோ வேலைக்கு மூன்றாவது நாளாகப் போகவில்லை என்றாள்.

உட்கார்ந்து டைப் அடித்தேன். சேனை, அவியல், பைத்தியம், நடிப்பு, ஒன்றையும் விடவில்லை. அவியலுக்கு இங்கிலீஷில் என்ன சொல்வது என்று தெரியாமல் அவியல் என்றே போட்டேன். என் கையால் எத்தனையோ கடிதம் அடித்திருக்கிறேன், இவ்வளவு மெதுவாக எதையும் அடித்ததில்லை.

பொரோதியின் மேஜையில் இரண்டு காகிதத்தையும் வைத்துவிட்டு நின்றேன். கவுண்டரில் நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். முதலிலிருந்து இன்னொரு தரம் படித்தார். எனக்குக் காது இரண்டும் சுட்டது. முப்பத்தோரு வருஷத்து மரியாதை போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

மேஜை டிராயரைத் திறந்து ஸ்கேலை எடுத்தார். காகிதத்தின் இடது ஓரத்தில் வைத்தார்.

"ஒரு அங்குலம்தான் இருக்கு, வசந்தா-தி. ஃபைல்ல குத்தினா முதல் எழுத்து போயிடும். ஒண்ணரை வைச்சு அடிச்சுக் கொண்டுவாங்க."

அடித்துக் கொண்டுபோனேன். ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார், ஸ்டாம்பை வைத்து நிதானமாக அழுத்தினார். நான் காகிதத்தை எடுத்துக்கொண்டு கதவு வரைக்கும் போனேன்.

"அந்த லேப்டாப் முதல்ல என் மேஜைக்குத்தான் வந்துச்சு. எனக்கு ஒண்ணும் விளங்கல. நீங்க தெரியும்னு சொன்னீங்க, எனக்கு நிம்மதியாப் போச்சு" என்றார்.

மௌமிதாவின் ஃபாரம் ஏறியது. பரீட்சை எழுதினாள், இப்போது நர்ஸிங் முதல் வருஷம் படிக்கிறாள்.

ஆபீஸ் வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் முழுத்திரையையும் எடுங்கள். அழகு பார்த்து வெட்டாதீர்கள், குப்பை என்று நினைப்பதில்தான் மணி இருக்கும். தெரியாததைத் தெரியாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ரிட்டயராகும் அன்று என் ஃபைல்களை எல்லாம் ஒப்படைக்கும்போது அந்த இங்கிலீஷ் அர்த்தக் காகிதத்தின் ஆபீஸ் காப்பியைப் பார்த்தேன். பஞ்ச் பண்ணின ஓட்டை இரண்டும் வெறும் ஓரத்தில்தான் விழுந்திருந்தன. பொரோதிக்கு மார்ஜின் பைத்தியம் என்ற வரியில் ஒரு எழுத்துகூடச் சேதமில்லை.