கைபடாமல் எடுத்த அழைப்பு

சோறு வடிக்கும்போது பிடிதுணி வழுக்கிவிட்டது. பானை கவிழவில்லை. கொதித்த கஞ்சி மட்டும் என் இரண்டு கைகளிலும் கொட்டிவிட்டது. அதன் பிறகு பல நாட்கள் மணிக்கட்டுக்கு மேல்வரை வெள்ளைக் கட்டுடன் கிடந்தேன். விரல் நுனிகூட வெளியே தெரியாது.

நான் காத்தான்குடியில் வீட்டிலிருந்தே அபாயா தைப்பவள். கணவர் கட்டார் நாட்டில் லொறி ஓட்டுகிறார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. உம்மா மௌத்தான பிறகு எனக்கு இருப்பது ஒரே ஒரு ராத்தா. ஒரே வளவுக்குள் அடுத்த வீடு அவளுடையது. என்னை விடப் பத்து வயது மூத்தவள். குளிக்க வார்ப்பதிலிருந்து தலை வாரிக் கட்டுவதுவரை எல்லாவற்றையும் அவளே செய்தாள். சொந்த அக்காவிடம் என்ன வெட்கம் என்று கேட்கலாம். கை கட்டுண்டு இருந்து பார்த்தால்தான் தெரியும்.

எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாமல் இருந்தது ஒன்றுதான்: அவருடைய அழைப்பு. அங்கே பகல் சாப்பாட்டு நேரம், இங்கே பின்னேரம். அப்போதுதான் வீடியோ கோல் எடுப்பார். ராத்தா போனைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடிப்பாள். அவர் "சாப்பிட்டியா?" என்பார். நான் வாய் திறக்குமுன், "ஓம் தம்பி, ரெண்டு தரம் போட்டுக் குடுத்தன்" என்று ராத்தா சொல்லிவிடுவாள். "மருந்து கட்டினாங்களா?" அதற்கும் பதில் அவளிடமிருந்து வரும். அவர் என் கட்டுகளைப் பார்ப்பார், பிறகு பார்வையைத் திருப்பிக்கொள்வார். "சரி, வைக்கிறன்" என்பார். நாளுக்கு நாள் பேச்சு குறைந்தது. என் கவனக்குறைவில் அவருக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவும் முடியவில்லை. ராத்தாவின் கை அங்கே இருந்தது.

ராத்தாவின் மகள் வந்தாறுமூலைக் கெம்பஸில் படிக்கிறாள். லீவில் வந்தவள் என்னைப் பார்த்துவிட்டு, "சாச்சி, கையில்லாம வாயாலயே போனப் பாவிக்கலாம்" என்றாள். என் தையல் மேசையில் நூல் டின்னில் சாய்த்துப் போனை நிறுத்தி, அதற்குள் எதையெல்லாமோ மாற்றினாள். முதலில் தமிழில் பேசிப் பார்த்தேன். "மச்சானுக்குக் கோல் எடு" என்றேன். மச்சான் என்று தொடங்கும் சினிமாப் பாட்டுகளை வரிசையாகக் காட்டியது. எங்கள் ஊர்த் தமிழ் அதற்குப் பிடிபடவில்லை. "இங்கிலீசுல சொல்லுங்க" என்று, அவருடைய இலக்கத்துக்குப் பெயரை 'ஹஸ்பண்ட்' என்று மாற்றினாள். நான் சொன்ன ஹஸ்பண்டைக் கேட்டு, ஆஸ்பத்திரிக்கு வழி காட்டட்டுமா என்றது போன்.

"அப்ப டார்லிங் எண்டு போடுவமா?" என்று சிரித்தாள்.

"மதிலுக்கு அங்கால கேட்கும்கா, பேசாம இரி!"

கடைசியில் 'டிரைவர்' என்று போட்டோம். அது எனக்கும் வாயில் நின்றது, போனுக்கும் காதில் ஏறியது. வரும் அழைப்பை எடுக்க "ஆன்சர்" என்று சொல்ல வேண்டும். அவள் வாசலில் நின்று தன் போனிலிருந்து எனக்குக் கோல் எடுத்து எடுத்துப் பார்த்தாள். சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது.

மறுநாள் அவள் கெம்பஸுக்குத் திரும்பிவிட்டாள். பின்னேரம் ராத்தா கொடியிலிருந்து உடுப்பு எடுக்கத் தன் வீட்டுப் பக்கம் போயிருந்தாள். வழமையைவிடக் கொஞ்சம் முந்தியே போன் அடித்தது. "ஆன்சர்" என்றேன். போனுக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சத்தமாகச் சொன்னேன். திரையில் அவருடைய முகம் வந்தது. லொறிக்குள் உட்கார்ந்திருந்தார்.

"மதினி எங்க?"

"அவட ஊட்டுக்குப் போயிட்டா."

"அப்ப போன ஆரு பிடிச்சிக்கிட்டு இரிக்கி?"

"ஆருமில்ல. மேசையில இரிக்கி. நான் வாயால சொல்லித்தான் எடுத்தன்."

"கிட்ட வேற ஆரும் இல்லையா? உண்மையா?"

"இல்ல மச்சான்."

அவர் லொறிக் கதவின் கண்ணாடியை ஏற்றினார். பிறகு கேட்டார்: "புள்ள, மறைக்காமச் சொல்லு. உனக்கு விரல் இரிக்கா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் அழத் தொடங்கியிருந்தார். கட்டுக்குள் விரல்களே இல்லை, ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள், தூரத்தில் இருப்பவனிடம் சொல்லாமல் மறைக்கிறார்கள் என்று இத்தனை நாளும் நினைத்திருக்கிறார். ராத்தாவுக்கு முன்னால் அதைக் கேட்டால் நான் உடைந்துபோவேன் என்று கேட்காமலே இருந்திருக்கிறார்.

"அல்லாவே! பத்தும் இரிக்கி மச்சான். தோல்தான் போனது. திரும்பத் தைக்கலாம் எண்டு டொக்டர் சொன்னாரு."

"சத்தியமா?"

"சத்தியமா. நீங்க என்னோட கோவமெண்டுதான் நான் நினைச்சன்."

"உன்னோட எனக்கென்ன கோவம்?" என்று அழுகையோடு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது. துடைக்கக் கையில்லாமல் தோளில் தேய்த்துக்கொண்டேன். டிக்கட் விசாரித்து வைத்திருந்ததாகச் சொன்னார். பெருநாளைக்கே வாருங்கள், இப்போது அவசரப்பட வேண்டாம் என்றேன். அதன் பிறகு குளிக்கும் வெட்கம், தூக்கம் வராத வலி என்று யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னேன். அழைப்பை முடிக்க என்ன சொல்ல வேண்டும் என்று ராத்தாவின் மகள் எனக்குச் சொல்லித் தரவில்லை. "நீங்களே வையுங்க" என்றேன். அவருக்கு வைக்க மனம் வரவில்லை.

வழமையான நேரத்துக்கு ராத்தா ஓடிவந்தாள். எல்லாம் பேசி முடிந்தது என்றேன். கோபித்துக்கொள்வாளோ என்று பயமாக இருந்தது. அவள் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அல்ஹம்துலில்லாஹ். அந்தாளும் நீயும் பேச ஏலாம முழிக்கிறத்துக்கு நடுவுல எனக்கு எங்க பார்க்கிறதெண்டே தெரியா. சும்மா இருக்க ஏலாமத்தான் வாய் குடுத்த நான்."

கட்டு அவிழ்த்த நாளில் டொக்டர் விரல்களை மடக்கச் சொன்னார். இறுக்கமாக இருந்தன, ஆனாலும் மடங்கின. ராத்தா என்னைவிட முந்திக்கொண்டு அவற்றை எண்ணிப் பார்த்தாள். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் யன்னல் பக்கம் என்னை இருத்திவிட்டு அருகில் உட்கார்ந்தாள். கல்லடிப் பாலம் தாண்டுமுன் என் தோளில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள். இவ்வளவு நாளும் அவள் ஒழுங்காகத் தூங்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாவிக் காற்றில் அவளுடைய முந்தானை பறக்க, என் புதுத் தோல் விரல்களால் அதைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.