றுக்கியா ராத்தா மகளுக்குப் பேசிய சம்பந்தம்

படியேறுமுன் வாசலில் கிடக்கும் செருப்புகளை ஒருமுறை பார்த்துக்கொள்கிறார் றுக்கியா ராத்தா. சோடி சோடியாக அடுக்கியிருந்தால் மாமியார் கண்டிப்பானவர். இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடந்தால் அந்த வீட்டில் பெண் நிம்மதியாக இருப்பாள். கிண்ணியாவிலும் மூதூரிலும் கலியாணம் பேசித் திரிகிற அவருடைய முதல் கணிப்பு இதுதான். பாலத்தைக் கடக்கிற பஸ்ஸில் ஏறினால், இறங்குவதற்குள் கொண்டக்டருக்கும் ஒரு பெண் பார்த்துவிடுவார்.

வெற்றிலை தொடமாட்டார். "வாய் சிவந்தா பொய்க்காரி மாதிரி இருக்கும்" என்பார். பொய் அவருக்குப் புதிதல்ல. மாப்பிள்ளையின் வழுக்கையைத் தொப்பிக்குள் ஒளித்திருக்கிறார். மாமனாரின் நீரிழிவை, "இனிப்பு அவ்வளவா விரும்பமாட்டார்" என்று சுருக்கியிருக்கிறார். எந்தச் சம்பந்தத்திலும் தவறாமல் சொல்லும் வசனம் ஒன்றும் உண்டு: "பரம்பரையில நோய் வருத்தம் ஒண்டும் இல்ல. அதுக்கு நான் பொறுப்பு."

போன வருடம் அந்த வசனத்தை அவராலேயே சொல்ல முடியாமல் போனது. நானா என்று அவர் கூப்பிடும் அண்ணன் கலீலுர் றஹ்மான் கணையப் புற்றுநோயில் படுத்தார். வாப்பாவை மௌத்தாக்கியதும் அதே நோய்தான் என்று கேட்டறிந்த கொழும்பு டொக்டர், நானாவின் இரத்தத்தை மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். பரம்பரையாக வரும் கோளாறு ஒன்று தெரிந்தது. கூடப்பிறந்தவர்களும் பார்ப்பது நல்லது என்றார். தங்கை ஜெஸ்மின் பயந்து மறுத்துவிட்டாள்.

நானாவை அடக்கம் செய்த பிறகு றுக்கியா ராத்தா கொழும்புக்குப் போய் இரத்தம் கொடுக்கக் கையை நீட்டினார். அவருக்கும் அது இருந்தது. நோய் வந்தே தீரும் என்றில்லை, மற்றவர்களைவிட வாய்ப்புக் கூட. வருடா வருடம் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வந்திருக்கலாம் என்று டொக்டர் விளக்கினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, டொக்டருக்குக் கலியாணம் ஆகிவிட்டதா என்றும் விசாரித்துக்கொண்டுதான் எழுந்தார்.

சிக்கல் வீட்டில் இருந்தது. மகள் நப்லாவுக்கு, சீனன்குடாவில் வேலை செய்யும் இன்பாஸைப் பேசி முடிக்கிற நேரம் அது. நிக்காஹ் முடியும்வரை வாய் திறக்க வேண்டாம் என்று ஜெஸ்மின் கெஞ்சினாள். ஊராருக்கெல்லாம் யோசனை சொல்பவருக்குத் தன் வீட்டுக்கு ஒரு யோசனை தோன்றவில்லை. கடைசியில் மகளிடமே எல்லாவற்றையும் சொல்லி, மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லலாமா என்று கேட்டார்.

"சொல்லுங்க உம்மா" என்றாள் நப்லா. "பிறகு தெரிஞ்சா, அங்க இருந்து பதில் சொல்லப் போறது நான்தானே."

மூதூரிலிருந்து மாப்பிள்ளையின் தாய் வந்தார். சாப்பாடு முடிந்து இனிப்புக்கு வட்டிலப்பம் பரிமாறியபோது, நானாவின் நோயையும், தன் இரத்தத்தில் இருப்பதையும், மகளுக்கு இன்னும் பார்க்கவில்லை என்பதையும் எதையும் சுருக்காமல் சொன்னார் றுக்கியா ராத்தா. குசினிக்குள் ஜெஸ்மினின் கையிலிருந்து கரண்டி விழுந்தது.

வந்தவர் வட்டிலப்பத்தை ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு, "இந்தச் சோதனை கொழும்பிலயா?" என்று கேட்டார்.

"ஓம்."

"அப்ப மருமகளுக்குச் சனிக்கிழமையில வைங்க. மகனுக்கு அண்டைக்குத்தான் லீவு. அவன் கூட்டிக்கொண்டு போவான்."

றுக்கியா ராத்தா, தான் தொடாமல் வைத்திருந்த வட்டிலப்பத் தட்டை எடுத்துச் சம்பந்தியின் முன்னால் நகர்த்தி வைத்தார்.